நான்கு ரோஸ் புள்ளிகள்

பேட்டைத் தொழிற்பேட்டையில் மின்சாரப் பேனல் கட்டுகிற எந்தப் பட்டறையிலும் போய் ‘சுடலைமுத்து வீடு எது’ என்று கேட்டால் முழிப்பார்கள். ‘புள்ளி அண்ணாச்சி வீடு’ என்று கேட்டால் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டுவிட்டே போவார்கள். அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு கதை சொல்லிவந்தேன். அது பாதிக் கதை. மீதியைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. போன மாதம் பழைய பட்டறைக்குச் சும்மா போயிருந்தேன். இப்போது என் இடத்தில் இருக்கும் இன்ஜினியர் விக்னேஷ் புதுவகை டெர்மினல் ஒன்றை என் கையில் கொடுத்தார். வயரை உள்ளே தள்ளினால் போதும், வில் ஒன்று கவ்விக்கொள்ளும். ஸ்க்ரூவே கிடையாது.

“இனிமே டைட் வைக்க வேண்டாம் அண்ணாச்சி. ஒங்க புள்ளிக்கும் வேலை போயிட்டு” என்று சிரித்தார். சுற்றி நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். “ஆண்டு மலர் போடுதோம். அந்தப் புள்ளி வந்த கதைய நீங்களே எழுதித் தாங்க.”

சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மூன்று வாரம் ஒரு வரி ஓடவில்லை. பொய்யை வாயால் சொல்வது சுலபம். எழுத உட்கார்ந்தால் கை கூசுகிறது. ஆகையால் முழுதாகவே எழுதிவிடுகிறேன், போடுவதும் போடாததும் விக்னேஷ் பாடு.

மலரை வீட்டுப் பெண்களும் படிப்பார்கள் என்பதால் ஒரு விளக்கம். பேனல் என்பது ஓர் இரும்பு அலமாரி. மோட்டாரை ஓட்டுவது, நிறுத்துவது, காப்பது எல்லாம் அதற்குள் நடக்கும். வெளியிலிருந்து வரும் வயரும் உள்ளே இருக்கும் வயரும் சந்திக்கிற இடம்தான் டெர்மினல். விரல் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் கட்டை, நடுவில் உலோகம், இரண்டு பக்கமும் ஸ்க்ரூ. நீளமான ஓர் உலோகப் பட்டையின் மேல் இவற்றை வரிசையாக மாட்டுவோம். பட்டைக்கு ரயில் என்று பெயர். மேல் விளிம்பில் கொக்கியை மாட்டிக் கீழே அமுக்கினால் ‘டக்’ என்று உட்காரும். அந்தச் சத்தத்தை வைத்தே சரியாக உட்கார்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

நான் ஐ.டி.ஐ. முடித்து, இரண்டு வருஷம் பழகுநராக அல்லாடி, பிறகு இந்தப் பட்டறையில் சேர்ந்தேன். எங்கள் மேற்பார்வையாளர் கோமதிநாயகம் சார். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளைச் சட்டை, பையில் ஒரு சின்ன டார்ச். சத்தம் போட மாட்டார். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

டெர்மினல் வாங்க எழுதிக்கொடுப்பதற்குள் அவர் பத்துக் கேள்வி கேட்பார். வயர் என்ன தடிமன், எவ்வளவு கரண்ட், பேனல் நிற்கிற அறையில் ஜன்னல் உண்டா, மோட்டார் அதிர்வு எவ்வளவு. கயத்தாறு பக்கத்துக் காற்றாலைக்குப் போகிற பேனல் என்றால் அதிரும் என்பார். கூடங்குளம் கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்று, முலாம் பூசிய உலோகமாகப் பார் என்பார். பாபநாசத்துப் பக்கம் என்றால் ஈரம். ‘இடத்தப் பாத்து வாங்கணும், விலையப் பாத்து வாங்கக் கூடாது’ என்பது முதலாளியிடம் அவர் தினமும் போடும் சண்டை. வயருக்குத் தேவையானதைவிட ஒரு அளவு பெரிய டெர்மினலாகத்தான் எழுதுவார். ஒரு ஓட்டைக்கு ஒரு வயர். இரண்டைச் சேர்த்துத் திணித்தவனை அன்று முழுவதும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், ‘ரெட்டை’ என்றே கூப்பிடுவார்.

வேலை முடிந்ததும் வருவார். ஒவ்வொரு வயரையும் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து ஒரு இழு. உருவிக்கொண்டு வந்தால், அந்த வயரின் நுனியை வளையமாக வளைத்து, யார் மாட்டினாரோ அவர் இருக்கைக்கு மேல் உள்ள ஆணியில் தொங்கவிடுவார். சனிக்கிழமை சாயங்காலம் வரை அது தொங்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் என் தலைக்கு மேல் மூன்று தொங்கின. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே பிடிக்கவில்லை.

புள்ளியும் அவர் கொண்டுவந்ததுதான். இதைத்தான் நான் இத்தனை காலம் என் கணக்கில் எழுதிக்கொண்டேன். டைட் வைத்த ஸ்க்ரூவின் தலையில் நகப்பாலிஷால் ஒரு புள்ளி, ஸ்க்ரூவும் கட்டையும் சேரும் இடத்தில். ஸ்க்ரூ பிறகு தளர்ந்து திரும்பினால் புள்ளி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆளுக்கு ஒரு நிறம். டவுனில் வளையல் கடையில் அவரே போய் வாங்கிவந்தார். ஐம்பது வயது ஆள் கடையில் நின்று ஒன்பது நிறம் தேர்ந்தெடுத்ததைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்தோம். எனக்குச் சிவப்பு. இசக்கியம்மாளுக்கு ரோஸ்.

இசக்கியம்மாள் முக்கூடல் பெண். என்னைவிட எட்டு வயது இளையவள். தினமும் முதல் பஸ்ஸில் வருவாள். வயரைச் சீவினால் செம்பு ஒரு இழை கூட அறுபடாது. அவள் மேலே இருந்த ஆணியில் எதுவும் தொங்கி நான் பார்த்ததில்லை. எனக்கு அதில் கொஞ்சம் புகைச்சல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆற்றோரம் ஒரு கிராமத்துக் குடிநீர்த் திட்டத்துக்கு இரண்டு பேனல் கட்டினோம். இரண்டு பம்பு, இரண்டும் ஒரே மாதிரி பேனல். மோட்டார் இழுக்கும் கரண்டை அளக்க உள்ளே சி.டி. என்று வளையம் போன்ற ஒரு கருவி இருக்கும். அதன் வயர் மட்டும் தனி ஜாதி. மற்ற வயர் விட்டுப்போனால் விளக்கு எரியாது, மோட்டார் ஓடாது, அவ்வளவுதான். மோட்டார் ஓடும்போது சி.டி. வயர் விட்டுப்போனால் அந்த இடத்தில் வோல்டேஜ் ஏறிப் பொறி பறக்கும். அதனால் அதற்கு வேறு வகை டெர்மினல். வயர் நுனியில் வளையம் அமுக்கி, அதைத் தண்டில் மாட்டி, மேலே நட்டு போட்டு முறுக்க வேண்டும். அது வந்துசேரவில்லை. முதலாளி, “சாதாரண டெர்மினலையே போட்டு அனுப்பும் வே” என்று குதித்தார். சார் அசையவில்லை. இரண்டு நாள் லாரியைத் திருப்பி அனுப்பிக் கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வரவழைத்தார். அவர் தேர்ந்தெடுத்த டெர்மினல் சரியானது. மாட்டிய கைதான் சரியில்லை.

மூன்றாம் நாள் மதியம் பார்சல் வந்தது, லாரியும் வந்தது. ஒரு பேனலின் சி.டி. டெர்மினல் நான்கையும் இசக்கி மாட்டி, பாக்ஸ் ஸ்பேனரால் டைட் வைத்து, புள்ளி வைத்து, ஸ்பேனரைச் சார் மேசையில் திரும்ப வைத்தாள். அதுதான் முறை. “நீ சாப்பிடப் போ தாயி, அடுத்தத நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். என் சிவப்பு பாட்டில் காய்ந்து கட்டியாகியிருந்தது. அவளுடையதைக் கேட்டு வாங்கினேன்.

நான்கு நட்டையும் விரலால் ஓட்டினேன். ஸ்பேனர் வேண்டும், அது சார் மேசையில் இருந்தது. பேனலை உடனே மூட வேண்டும், பாலிஷ் ஈரமாக இருந்தால் டெர்மினல் மேல் போடும் பிளாஸ்டிக் மூடியில் ஒட்டும். சரி, இப்போதே வைத்துவிட்டால் ஸ்பேனர் எடுத்து வருவதற்குள் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். நட்டு முறுக்கும்போது புள்ளி கலையும் என்பதுகூட அவசரத்தில் தோன்றவில்லை. நான்கு ரோஸ் புள்ளி வைத்தேன். ஸ்பேனருக்காகத் திரும்பினேன். முதலாளி வாசலிலிருந்து லாரிக்குக் கயிறு கட்டக் கூப்பிட்டார். போனேன். திரும்பி வந்து பார்த்தால் நான்கு புள்ளியும் அழகாகக் காய்ந்திருந்தன. புள்ளி இருந்தால் டைட் வைத்தாயிற்று. அத்தனை வருஷமாகக் கண்ணுக்குப் பழக்கிய பாடம் அதுதான். மூடியைப் போட்டேன்.

மூடுமுன் சார் வந்து இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். வளையம் தண்டில் மாட்டியிருக்கும்போது நட்டு லொடலொட என்று இருந்தாலும் வயர் உருவிக்கொண்டு வராது. அவருடைய சோதனைக்கு அந்த டெர்மினல் அகப்படவில்லை.

நாலு மாதம் அந்தப் பம்பு ஓடியது. ஒரு நாள் காலையில் பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர் முத்துக்குட்டி கருகல் வாசனை பட்டுப் பேனல் கதவைத் திறந்திருக்கிறார். உள்ளே பொறி. ஊருக்குத் தண்ணீர் நின்றுவிடக் கூடாதே என்று பதறிக் கையை நீட்டியிருக்கிறார். வலது கை வெந்துபோயிற்று. உயிர் தப்பினார், இரண்டு விரல் மடங்கியது மடங்கியதுதான்.

நானும் சாரும் போனோம்.  அவர் கருகிய டெர்மினலோடு ரயிலையே கழற்றி, பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்து வந்தார். பட்டறையில் எல்லாரையும் கூப்பிட்டு மேசையில் பிரித்து வைத்தார். ஒன்று எரிந்து உருகிப்போயிருந்தது. மற்ற மூன்றில் ரோஸ் புள்ளி அப்படியே இருந்தது. அந்த மூன்று நட்டையும் அவர் ஸ்பேனர் இல்லாமல் நகத்தாலேயே திருப்பிக் காட்டினார்.

“இது யாரு புள்ளி?”

“ரோஸு சார்” என்றான் ஒருவன்.

“கலர் எனக்குத் தெரியுது வே. ஆளக் கேக்கேன்.”

இசக்கி முன்னால் வந்தாள். “ரோஸு என்னோடதுதான் சார். ஆனா அன்னைக்கு அண்ணாச்சி எங்கிட்ட பாட்டில வாங்கினாவ.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த மாதம் சார் ஓய்வு பெறுகிறார், அந்த இடம் எனக்குத்தான் என்று பேச்சு. அந்த நினைப்புதான் பேசவைத்தது என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில் எந்த நினைப்பும் இல்லை. பயம். வாய் தானாகத் திறந்தது.

“வாங்கினேன் சார். கதவோட எர்த் வயருக்கு ரெண்டு புள்ளி வச்சிட்டு அங்கனயே வச்சிட்டேன்.”

முழுப் பொய்யாக இருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். வாங்கினேன் என்று நான் ஒத்துக்கொண்டது அவளைக் குழப்பிவிட்டது. “ஒரு பேனலுக்கு நான் வச்சது நல்லா ஞாபகம் இருக்கு” என்றாள். விரலை மடக்கி ஏதோ எண்ணினாள். “ரெண்டுக்கும் நாந்தான் வச்சேனோ...” என்று என் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று நான் சொல்வதற்காகத்தான் பார்த்தாள். நான் அந்த ரயிலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி அன்றே அவள் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். இசக்கி தன் ரோஸ் பாட்டிலை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் எனக்கு உறுத்தலில் ஒரு யோசனை வந்தது. டைட் வைத்தவர் ஒரு புள்ளி, ஸ்பேனரையோ ஸ்க்ரூ டிரைவரையோ போட்டுச் சரிபார்த்தவர் வேறு நிறத்தில் இரண்டாவது புள்ளி. சார் ஒத்துக்கொண்டார். அந்த இரட்டைப் புள்ளி பக்கத்துப் பட்டறைகளுக்கும் பரவியது, நான் புள்ளி அண்ணாச்சி ஆனேன். சார் போகிற அன்று அந்தப் பாக்ஸ் ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தார். “இது ஒம்மகிட்டயே இருக்கட்டும் வே” என்றார்.  தெரிந்து கொடுத்தாரா, சும்மா கொடுத்தாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவர் இறந்தும் பல வருஷமாகிவிட்டது.

எனக்கு நடந்த பிரிவு உபசார விழாவில், ஒரு துண்டு ரயிலில் நாலு டெர்மினல் மாட்டி, இரட்டைப் புள்ளி வைத்து, மரப்பலகையில் பதித்துப் பரிசாகக் கொடுத்தார்கள். நாலுதான் மாட்ட வேண்டுமா? வீட்டில் அது டி.வி.க்குப் பின்னால் சுவரைப் பார்த்து இருக்கிறது. மனைவி துடைத்து முன்னால் வைப்பாள், நான் திரும்பப் பின்னால் வைப்பேன்.

இதை எழுத உட்கார்ந்தபோதுதான், அவள் பெயரைப் போட அவளிடம் கேட்க வேண்டுமே என்று தோன்றியது. கேட்பதற்கு என்று ஒரு சாக்கு கிடைத்த பிறகுதான் எனக்குக் கால் எழும்பியது. போன செவ்வாய்க்கிழமை முக்கூடலுக்குப் போனேன்.

இசக்கி மடியில் தட்டை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பட்டறையை விட்டுப் போனதிலிருந்து அதே வேலை. தலை நரைத்திருந்தது. “வாங்க அண்ணாச்சி” என்று எழுந்து நாற்காலி போட்டுவிட்டு, மறுபடி தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கையில் இருந்த பீடி இலை பாதிச் சுருளில் நின்றது. “அப்ப அந்த நாலும் நான் வச்சது இல்லையா?”

“இல்ல தாயி. நான் வச்சது.”

“நான் டைட் வச்சது எல்லாம் டைட்டாத்தான் இருந்துச்சா?”

“எல்லாம் டைட்டுதான்.”

 அவள் அழவில்லை, கோபமாகத்தான் பேசினாள். “கேஸ் அடுப்ப மூடிட்டு வந்து படுத்தா மூணு தடவ எந்திச்சுப் போயிப் பாக்கேன் அண்ணாச்சி. மூடுனேனா மூடலையான்னு. எங்க வீட்டுக்காரரு கிறுக்கச்சின்னு ஏசுதாவ. எங்கைய நானே நம்பாம இத்தன வருஷம் கழிச்சிட்டேன். கை வெந்துபோன அந்த மனுசன் வீட்டுக்குப் போயிக் கால்ல விழுந்தேன், தெரியுமா ஒங்களுக்கு? நான் கட்டுன பேனல்தான்னு சொல்லி விழுந்தேன்.”

எனக்குத் தெரியாது.  மலரில் முழுதாக எழுதப்போகிறேன், உன் பெயரைப் போடலாமா என்று முணுமுணுத்தேன்.

“மலரா? அத நான் படிக்கப்போறேனா? அந்த மனுசன் படிக்கப்போறாரா?” தட்டைக் கீழே வைத்தாள். “எம்பேரப் போட்டுக்கிடுங்க. ஆனா இங்கன வந்து சொன்னதோட முடியாது. அங்கன வந்து சொல்லுங்க. நானும் வாரேன்.”

இரண்டு பஸ் மாறிப் போனோம்.  டிக்கெட்டை அவளுக்கு அவளே எடுத்தாள்.

முத்துக்குட்டி வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டியிருக்கும். இசக்கியைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்து “வாம்மா” என்றார். நான் யார் என்று சொன்னேன். பார்சல், லாரி, ரோஸ் பாட்டில், கயிறு கட்டப் போனது, மூடியைப் போட்டது, சார் முன்னால் சொன்ன பொய் எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஸ்பேனர் எங்கன இருந்துச்சு?”

“சார் மேசையில.”

“எத்தன எட்டு நடக்கணும்?”

அந்தப் பட்டறையைக் கண்ணுக்குள் கொண்டுவந்தேன். “பத்து எட்டு.”

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு இசக்கியைக் காட்டினார். “இந்தப் பிள்ள அன்னைக்கு இதே எடத்துல விழுந்து அழுதா. போவட்டும், வேணும்னேவா செஞ்சே, அழாதன்னு நாந்தான் தேத்தி அனுப்புனேன். அவளுக்குச் சொல்ல எனக்கு வார்த்த இருந்துச்சு. ஒமக்கு என்ன சொல்லதுன்னு தெரியல வே.”

 அவர் உள்ளே பார்த்து, மூன்று பேருக்கும் காப்பி கொண்டுவரச் சொன்னார். வந்த டம்ளரை இசக்கிக்கு இடது கையால் எடுக்கப்போனவர், இடது கையால் கொடுக்கக் கூடாது என்று வலது கைக்கு மாற்றி, மடங்கிய விரல்களை ஒதுக்கி மூன்று விரலால் பிடித்துக் கொடுத்தார். எனக்கும் அப்படியே கொடுத்தார். டம்ளர் சூடாக இருந்தது, கொஞ்சம் சிந்தியது. நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.